அவளுக்கு ஒரு சைபர்

அலாரம் அடிப்பதற்கு முன்பே அவன் விழித்துவிடுவான். அடிக்கும்வரை படுத்திருந்து, அடித்ததும் நிறுத்திவிட்டு எழுவான். முதல் வேலை துணி துவைப்பது. முந்தின நாள் போட்ட சட்டை, பேன்ட், ஒரு துண்டு. இவற்றோடு ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்கள் போடும் வெளிர்பச்சை உடுப்பு, மேலும் கீழுமாக ஒரு ஜோடி. அது அவன் அளவு இல்லை. தினமும் துவைத்துத் துவைத்து அதன் பச்சை ஏறக்குறையப் போய்விட்டது. எல்லாவற்றையும் மெஷினில் போட்டு, சோப்புத்தூள் போட்டு, மூடியைச் சாத்துவான்.

மெஷின் தண்ணீர் பிடிக்கிற நேரத்துக்குள் பல் தேய்த்து முகம் மழித்து முடித்துவிடுவான். பிறகு அதன் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வான். காப்பி அங்கேதான். ரொட்டி அங்கேதான். மெஷின் ஓய்ந்து கூவியதும், ஒரு வாய் காப்பி மிச்சமிருந்தாலும் கீழே வைத்துவிட்டு, மூடியைத் திறப்பான். ஒவ்வொன்றாக உதறி பால்கனிக் கொடியில் போடுவான். பச்சை உடுப்பை மட்டும் கொடியில் போடுமுன் ஒருமுறை முகர்ந்து பார்ப்பான். பிறகு கிளிப் மாட்டுவான். அதற்குள் ஃபோன் அடிக்கும். மாமியார்.

"மாப்ள, சாப்டீங்களா?"

"ஆச்சு அத்தை."

"என்ன சாப்டீங்க?"

"ரொட்டி."

"ரொட்டியையே கட்டிக்கிட்டு அழுங்க. ஒரு முட்டையை ஒடச்சு ஊத்தக் கூடாதா? முட்டை ஒடைக்கறதுக்கு டாக்டர் பட்டமா வேணும்?"

இதுவரை தினமும் நடப்பது. அன்றைக்குக் கூடுதலாக ஒன்று சொன்னார்.

"சனிக்கிழமை காலேஜ் விழாவுக்கு மேடம் என்னைக் கூப்பிட்டிருக்காங்க. முதல் வரிசையில சேராம். அவ எழுதின நாலு பேப்பரையும் பெருசா அச்சடிச்சு மாட்டப் போறாங்களாம். அவ கடைசியா சொன்ன வார்த்தையையும் மேடையில சொல்லுவாங்களாம்."

"எந்த நாலு பேப்பர்?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே கணக்கு."

அவன் கொடியில் இன்னொரு கிளிப்பை மாட்டினான்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் அத்தை."

"இருந்தா ஒரு 'ம்'மாவது போடுங்க. செவுத்தோட பேசற மாதிரி இருக்கு."

"ம்."

மருத்துவக் கல்லூரியில் அவன் புள்ளியியல் ஆள். நூலகத்துக்குப் பின்னால், ஒரு காலத்தில் பழைய எக்ஸ்ரே படங்களை அடுக்கி வைத்திருந்த அறை அவனுக்கு. படங்கள் போய்விட்டன. அவற்றின் புளித்த வாடை போகவில்லை. ஆராய்ச்சி செய்கிற டாக்டர்கள் தங்கள் எண்களைத் தூக்கிக்கொண்டு அங்கே வருவார்கள். எண்களில் தெரிகிற வித்தியாசம் நிஜமா, தற்செயலா என்று அவன் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். தற்செயலாக இருக்கும் வாய்ப்பைச் சொல்லும் எண்தான் பி வேல்யூ. தற்செயல் என்று வந்தால் டாக்டர்களுக்கு முகம் வாடிவிடும். "கணக்கு சார், இந்த பி வேல்யூவைக் கொஞ்சம் இறக்கிக் குடுங்களேன்" என்று கெஞ்சுவார்கள். "காய்ச்சலா டாக்டர் அது? நீங்களே ஒரு மாத்திரை எழுதுங்க, இறங்குதான்னு பாப்போம்" என்பான். அது முன்பு. இப்போது "பாக்கறேன்" என்று மட்டும் சொல்கிறான். அவர்களும் காகிதத்தை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, தூங்குகிற குழந்தை இருக்கிற அறையைவிட்டுப் போவதுபோல் போய்விடுகிறார்கள்.

அவளும் ஒருநாள் அப்படி எண்களோடு வந்தவள்தான். மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷன் முடிந்து குளிரில் நடுங்குகிற நோயாளிகளைப் பற்றிய ஆய்வு. ஆள் பற்றாது, இன்னும் இருபது பேராவது வேண்டும் என்றான்.

"இருபது பேரா? நான் என்ன கடைக்குப் போயா வாங்கிட்டு வர்றது?"

"நடுங்கறவங்க கெடைக்க மாட்டாங்களா?"

"நீங்க பேசறதைக் கேட்டு நானே நடுங்கறேன். என்னையும் ஒரு ஆளா சேத்துக்கோங்க."

இருபது பேர் சேர்வதற்குள் கல்யாணம் முடிவாகிவிட்டது. அவனை அவள் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கணக்குதான். கோபம் வந்தால் கணக்கு சார்.

இப்போது அவன் மேசையில் இருக்கும் ஆய்வு மேடத்தினுடையது. மேடம் என்றால் மயக்க மருந்துத் துறையின் தலைவி. அவளுக்கு மேலதிகாரியாக இருந்தவர். ஜூனியர்கள் முதுகுக்குப் பின்னால் பெரியம்மா என்பார்கள். பெருந்தொற்று வந்த வருடம் எந்தத் துறை டாக்டர்கள் எத்தனை ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள், அதற்கு முந்தைய வருடங்களில் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதுதான் ஆய்வு. பொழுது போகாமல் எடுத்த வேலை அல்ல. கட்டுரை இல்லாவிட்டால் பதவி உயர்வு இல்லை என்பது கல்லூரியின் விதி. அந்த வருடம் முழுக்க நாங்கள் மூச்சுத் திணறுகிறவர்களின் தொண்டையில் டியூப் இறக்கிக்கொண்டிருந்தோம், எழுத ஏது நேரம், அந்த ஒரு வருடத்தைக் கணக்கிலிருந்து விட்டுவிடுங்கள் என்று மயக்க மருந்து டாக்டர்கள் கேட்டார்கள். குறைந்தது என்று எண்ணில் காட்டுங்கள், பார்க்கலாம் என்றது நிர்வாகம். சனிக்கிழமை மேடம் காட்டப் போகிறார்.

மற்ற துறைகளை அவன் முடித்துவிட்டான். எல்லாம் எதிர்பார்த்ததுதான். அவசரமில்லாத ஆபரேஷன்கள் நின்றுபோய், கண் டாக்டர், தோல் டாக்டர், எலும்பு டாக்டர் எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தார்கள். கிடந்தவர்கள் எழுதித் தள்ளியிருந்தார்கள். பீரோவில் தூங்கிக்கொண்டிருந்த பழைய கேஸ்கள்கூட தூசி தட்டப்பட்டு அச்சுக்குப் போயிருந்தன. அவர்களிலும் சின்னப் பிள்ளைகள் வைத்திருந்த பெண் டாக்டர்கள் எழுதவில்லை. பள்ளிக்கூடமே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதே. மயக்க மருந்துத் துறையை மட்டும் அவன் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்கு அதைத் திறந்தான். திரையில் வரிசையாகப் பெயர்கள். அவள் பெயர். முந்தைய வருடம் ஐந்து கட்டுரைகள். பெருந்தொற்று வருடம் நான்கு.

மாமியார் சொன்னது சரிதான். நான்கு.

அந்த வருடம் அவள் எழுதியது எவ்வளவு என்று அவனுக்குத் தெரியும். அரை வரி. சாப்பாட்டு மேசையில் அவள் லாப்டாப் மாதக்கணக்கில் திறந்தே கிடந்தது. திரையில் ஒரு தலைப்பு, அதற்குக் கீழே 'இந்த ஆய்வின் நோக்கம்', அதற்கும் பக்கத்தில் மினுக்கிக்கொண்டிருக்கும் கோடு. வேலையிலிருந்து வந்ததும் வாசலை ஒட்டி இருந்த மெஷினில் உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே குளியலறைக்குள் போவாள். அதுவரை அவன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்க வேண்டும். அது அவள் போட்ட சட்டம். குளித்துவிட்டு வந்து லாப்டாப் முன் உட்கார்வாள். கோடு மினுக்குவதைப் பார்ப்பாள். பார்த்தபடியே தூங்கிப்போவாள். மூக்கில் முகக்கவசம் அழுத்திய தடம் சிவந்து கிடக்கும்.

"நோக்கம் என்னன்னு சீக்கிரம் சொல்லிடு. ஸ்க்ரீன் ஏங்கிப் போயிருக்கு" என்று ஒருநாள் எழுப்பினான்.

"இந்த ஆய்வின் நோக்கம், கால நீட்டிப் படுத்துத் தூங்கறது" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

நான்கு கட்டுரைகளையும் தேடி எடுத்துப் படித்தான். நான்குமே அவள் போன பிறகு பத்திரிகைகளுக்கு அனுப்பப்பட்டவை. மூன்று அவளுடைய துறையிலிருந்து. ஒன்று தோல் துறையிலிருந்து. முகக்கவசமும் கண்ணாடியும் அழுத்தி டாக்டர்கள், நர்ஸ்கள் முகத்தில் வரும் புண்களைப் பற்றியது. இரண்டாம் படத்தில், மூக்குத்தண்டில் தோல் உரிந்த ஒரு பெண்ணின் முகம். ஆள் யாரென்று தெரியக் கூடாது என்பதற்காகக் கண்களின்மேல் கறுப்புப் பட்டை. மேலுதட்டின் ஓரத்தில் ஒரு மச்சம். பட்டை போட்டவர்கள் மச்சத்தை விட்டுவிட்டார்கள்.

அவன் கை மௌஸின்மேல் அப்படியே இருந்தது. படத்தைப் பெரிதாக்கவில்லை. மூடவும் இல்லை. கட்டுரையின் தலைப்புக்குக் கீழே, எழுதியவர்கள் வரிசையில், மூன்றாவது அவள் பெயர். உள்ளே நோயாளியும் அவளே.

தோல் டாக்டர் அவளுடைய ஹாஸ்டல் அறைத்தோழி. கல்யாணத்தன்று அவனிடம் வந்து, "குறட்டை விடுவா, இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் என்னைக் கேக்காதே" என்று காதில் சொன்னவர். அவன் போனபோது கடைசி நோயாளியை அனுப்பிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"வா கணக்கு. என்ன, எங்கயாவது அரிக்குதா?"

"ரெண்டாம் படம்" என்றான்.

தோல் டாக்டர் குழாயை மூடினார். துடைக்காத கையோடு திரும்பினார்.

"அவதான். பார்க்கிங்ல வெச்சு நான்தான் எடுத்தேன். 'மூஞ்சியப் பாருடி, இனிமே எவன் கட்டுவான் என்னை'ன்னா. 'அதான் ஒருத்தன் ஏற்கெனவே ஏமாந்தாச்சே'ன்னேன்."

"அந்தக் கட்டுரைல அவ என்ன பண்ணினா?"

"மூக்கு குடுத்தா" என்றார். சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் வேறு ஏதோ ஆகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் வீட்ல உக்காந்திருந்தேன் கணக்கு. செடிக்குத் தண்ணி ஊத்துவேன், வந்து எழுதுவேன். பதினோரு பேப்பர். என் ஆயுசுல அவ்வளவு எழுதினதில்ல. எல்லாரும் கையக் குலுக்கினாங்க. அவ அங்க நின்னுட்டிருந்தா. அவ போனப்ப பாக்க விடல. ஒரு பூ வைக்க விடல. எங்கையில என்ன இருந்துச்சு? பேப்பர்தான் இருந்துச்சு. பேரைப் போட்டேன்."

அவன் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"எழுதாதவங்க பேரைப் போடக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? பசங்களுக்கு நானே கிளாஸ் எடுக்கறேன். அதைத் தெரிஞ்சுதான் போட்டேன். இப்ப எடுக்கச் சொல்றியா?"

"கணக்குல இடிக்குது."

"உனக்கு அவ இல்லாததே இப்பதான் கணக்குல இடிக்குதாக்கும்" என்றார் தோல் டாக்டர். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். அவனுக்கு அது வலிக்கவில்லை. வலித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அறைக்குத் திரும்பி மீதியையும் பார்த்தான். அந்த வருடம் துறையில் இறந்துபோனவர்கள் மூன்று பேர். மற்ற இருவர் பெயரிலும் இதே கதை. இறந்த பிறகு அனுப்பப்பட்ட கட்டுரைகளில் நடுவே நடுவே அவர்கள் பெயர். மலர்வளையம் வைக்க இடமில்லாமல் பெயரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். டாக்டர்களுக்குத்தான் இப்படித் தோன்றும். உயிரோடிருந்தவர்களின் வரிசைகளில் சைபரும் ஒன்றுமாக இருந்தது. துறையிலேயே அதிகம் எழுதியவர்கள் செத்துப்போன மூன்று பேர்.

துறை சின்னது. அந்தச் சில கட்டுரைகளே போதும். கணக்கை ஓட்டிப் பார்த்தான். எழுத்து குறைந்தது போலத் தெரிவது தற்செயலாகவும் இருக்கலாம் என்று வந்தது. இறந்த பிறகு அனுப்பியவற்றை நீக்கிவிட்டு ஓட்டினான். வரைபடத்தின் கோடு மாடிப்படியில் தவறி விழுந்ததுபோல் இறங்கியது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

நீக்கினால் அவள் பெயருக்கு நேரே சைபர்.

நீக்காமலும் விடலாம். ஒருவரும் கேட்கப்போவதில்லை. சனிக்கிழமை நான்கு கட்டுரைகளும் பெரிதாகத் தொங்கும். மாமியார் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். ஆனால் அவளோடு இரவும் பகலும் நின்ற ஜூனியர்களைப் பார்த்து நிர்வாகம் கேட்கும். செத்தவளே நான்கு எழுதியிருக்கிறாள், உங்களுக்கு என்ன கேடு? அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்தச் சாப்பாட்டு மேசை. நான்கு என்று போட்டால், அங்கே உட்கார்ந்தபடியே தூங்கிப்போன பெண் யார்?

நீக்கியது, நீக்காதது என்று இரண்டு கணக்கின் வரைபடங்களையும் அச்செடுத்துக்கொண்டு தியேட்டர் பக்கம் போனான். உடுப்பு மாற்றும் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அதே வெளிர்பச்சை. அவன் சுவரைப் பார்த்து நின்றான்.

"வா தம்பி" என்றார். அவள் இருந்தவரை அவரும் கணக்கு சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்ன, சனிக்கிழமைக்கு ரெடியா?"

"அவளுக்கு நாலுன்னு இருக்கு மேடம். சைபர்னு இருக்கணும்."

மேடம் காலைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா? அந்தப் பொண்ணுக்கு சைபர் போடச் சொல்றியா, நீ?"

"ஆமா."

"சைபர்ங்கறது ஒண்ணும் பண்ணாதவங்க வாங்கறது."

"ஒண்ணும் எழுதாதவங்க வாங்கறது. அவ எழுதல மேடம். எழுத முடியல. நாலு எழுதினான்னு போட்டா, அந்த வருஷம் அவளுக்கு நேரம் இருந்துச்சுன்னு ஆயிடும். அவ வீட்டுக்கு வந்து உக்காந்துக்கிட்டே தூங்கினதெல்லாம் பொய்யாயிடும். அவ அந்த வருஷம் என்ன பண்ணினாங்கறதுக்கு எங்கிட்ட இருக்கறது அந்த சைபர் ஒண்ணுதான்."

இவ்வளவு நீளமாகப் பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. மீதியைப் பேசாமல் இரண்டு படங்களையும் பெஞ்சில் வைத்தான். மேடம் தொப்பிக்குள் செருகியிருந்த கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். முதல் படம். இரண்டாவது. மறுபடி முதலாவது. கணக்கு தெரிந்தவர்தான். ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எம்பசங்களுக்கு நானே குழி வெட்டி வெச்சிருக்கேன்" என்றார் மெதுவாக. "நான்தான் சொன்னேன். எது எழுதினாலும் மூணு பேர் பேரையும் போடுங்கடா, விட்டுறாதீங்கன்னேன். வேற என்ன செய்யத் தெரியும் எனக்கு?"

உள்ளேயிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். மேடம் கையைக் காட்டியதும் போய்விட்டார்கள்.

"அவளுக்கு டியூப் போட்டது நான்தான், தெரியுமில்ல. வேற யாரையும் தொட விடல. மருந்தை ஏத்தும்போது, 'கண்ண மூடிக்கோம்மா, நான் இங்கதான் இருக்கேன்'ன்னேன். அவ பேஷன்ட்டுங்களுக்குச் சொல்ற அதே வார்த்தை. முறைச்சா பாரு ஒரு முறை. என் டயலாக்கை எனக்கேவாங்கற மாதிரி." மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அன்னிக்குக் காலைலதான், 'அந்த ஸ்டடியை முடிச்சிடுங்க மேடம்'னா. அதுதான் கடைசியா பேசினது. பேப்பர் போகட்டும். அந்த வார்த்தையையாவது மேடையில சொல்ல விடு தம்பி."

அவன் தரையைப் பார்த்தான். தரையில் மேடத்தின் செருப்பு ஒன்று குப்புறக் கிடந்தது. குனிந்து அதை நிமிர்த்தி வைத்தான்.

"உங்ககிட்ட பேசினதுல அது கடைசி மேடம்."

"அப்படின்னா?"

"டியூபுக்கு முன்னாடி எனக்கு ஃபோன் போட்டுக் குடுத்தாங்க."

"என்ன சொன்னா?"

அவன் மற்ற செருப்பையும் அதன் பக்கத்தில் நகர்த்தி வைத்தான். மேடம் இரண்டாம் முறை கேட்கவில்லை. எத்தனையோ பேருடைய கடைசிப் பேச்சுக்குப் பக்கத்தில் நின்றவர். படங்களை மடித்து அவனிடம் கொடுத்தார்.

"எறந்த பிறகு அனுப்பின பேப்பரை எண்ணலன்னு எழுது. ஏன்னும் எழுது. பேர் போடச் சொன்னது நான்தான்னும் எழுது. மறைக்காதே. ரிட்டையர் ஆகப்போற கிழவியை யார் என்ன பண்ணிடப் போறாங்க?" என்றவர், அவன் நாலடி போன பிறகு கூப்பிட்டார். "அவங்க அம்மாகிட்ட நீ சொல்லிடறியா? எனக்கு அந்த தைரியம் இல்ல."

அறைக்கு வந்து, அவள் பெயருக்கு நேரே இருந்த நான்கை அழித்துவிட்டு சைபர் அடித்தான். ஒரு விரல் வேலை. மற்ற இருவருக்கும் அடித்தான். கோடு விழுந்தது. தன் கணக்கு சரியாக வந்ததற்கு சந்தோஷப்படுகிற பழக்கம் அவனுக்கு உண்டு. அன்று அது வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை.

சாயங்காலம் மாமியார் வீட்டுக்குப் போனான். முன்னறையில் டிவிக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள், அந்த முகக்கவசக் கட்டுரையின் முதல் பக்கம் மாட்டியிருந்தது. தோல் டாக்டர் கொண்டுவந்து கொடுத்தது. அதில் மாமியாருக்குப் புரிந்தது ஒரே ஒரு பெயர்தான். அந்தப் பெயர் இருந்த இடத்துக்கு நேரே கண்ணாடி மங்கலாக இருந்தது. துடைக்கிற சாக்கில் தினமும் தொட்டுத் தொட்டு.

எல்லாவற்றையும் சொன்னான். சுருக்கமாகத்தான். அவள் எழுதவில்லை. பாசத்தில் பெயர் போட்டுவிட்டார்கள். அதனால் கூட வேலை செய்தவர்களுக்கு இடைஞ்சல். இன்று எடுத்துவிட்டோம்.

மாமியார் புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்தார்.

"அப்ப அந்த முதல் வரிசை சேர்?"

"சேர் இருக்கு அத்தை. பேப்பர்தான் இல்ல."

"எம்பொண்ணு எதுலயும் சைபர் வாங்கினதில்ல மாப்ள." தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்தார். "இல்ல, ஒரு தடவை வாங்கினா. டிராயிங்ல. குதிரை வரைன்னதுக்கு நாயை வரைஞ்சிட்டு, இது குதிரைதான்னு டீச்சரோட சண்டை. என்னைக் கூப்பிட்டு அனுப்பினாங்க. நான் பாத்தேன். நாயேதான்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த பிறகுதான் தெரிந்தது. மாமியார் அதைக் கவனித்தார், கவனிக்காததுபோல் எழுந்து சட்டத்தைக் கழற்றப் போனார்.

"இருக்கட்டும் அத்தை. அதுக்குள்ள அவ இருக்கா."

"பேருதானே இருக்கு. அதுவும் பொய்யின்னுட்டீங்க."

ஃபோனில் இரண்டாம் படத்தைத் திறந்து நீட்டினான். மாமியார் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார். முதலில் புண்ணைப் பார்த்தார். கறுப்புப் பட்டையைப் பார்த்தார். பிறகு விரல் தானாக உதட்டோரத்துக்குப் போய் நின்றது.

"மச்சத்தை மறைக்கலியே" என்றார்.

"மறந்துட்டாங்க."

"நல்லதாப் போச்சு." விரலை எடுக்கவில்லை. "மூக்கெல்லாம் இப்படி உரிஞ்சு கெடந்திருக்கு. வீடியோல பேசறப்ப லைட்டை அணைச்சிட்டுப் பேசுவா. கரன்ட் இல்லம்மான்னு சொல்லுவா. நானும் உங்க தெருவுல எப்பப் பாத்தாலும் கரன்ட் போகுதேன்னு திட்டிக்கிட்டிருந்தேன்."

ஃபோன் திரை அணைந்தது. அவர் அதைத் திருப்பிக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். வெளியே யாரோ கேட்டைத் திறந்து மூடினார்கள்.

"அந்த ஸ்டடியை முடிங்கன்னான்னு மேடம் சொன்னாங்களே, அதுவும் அவ சொல்லலியா மாப்ள?"

"சொன்னா. மேடத்துக்கிட்ட, காலைல. அது கடைசி இல்ல."

"கடைசி எது?"

அவன் சட்டத்தைப் பார்த்தான்.

"நீங்க சொன்னதே இல்ல" என்றார் மாமியார். "நானும் கேட்டதில்ல. பெரிசா ஏதாவது இருக்கும், உங்க ரெண்டு பேருக்குள்ள, நம்ம எதுக்குன்னு விட்டுட்டேன். இன்னிக்குக் கேக்கறேன். என்னன்னாலும் நான் தாங்கிக்குவேன்."

"பெரிசா ஒண்ணும் இல்ல அத்தை."

"சின்னதா இருந்தாலும் சொல்லுங்க."

நர்ஸ் ஃபோனைப் பிடித்திருந்ததைச் சொன்னான். ஆக்ஸிஜன் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. அவள் முகத்திலிருந்த மாஸ்க்கைத் தானே ஒரு விரலால் தூக்கினாள். யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். அவள் விடவில்லை. டியூப் போன பிறகு பேச்சு கிடையாது என்று மற்றவர்களைவிட அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். அவளுக்கு மூச்சு இல்லை. இருந்ததை மூன்றாகப் பங்கு போட்டுச் சொன்னாள்.

"அவ சொன்னதை அன்னிக்கு என்னால செய்ய முடியல" என்றான். "ஆஸ்பத்திரி வாசல்லயே கெடந்துட்டேன். எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து பாத்தப்ப லேட்டாயிடுச்சு."

"என்ன சொன்னா?"

"மெஷின்ல துணி போட்டது அப்படியே கெடக்கு கணக்கு. எடுத்து உதறிக் காயப் போட்டுடு. நாளைக்குன்னு விட்டுடாத, நாத்தம் புடிச்சிரும்."